சிவகங்கை அரசின் தளர்ச்சி: உரோம வரலாற்றோடு ஓர் ஒப்புநோக்கு

1. முன்னுரை

ஓர் அரசு வீழ்ந்த நாளைக் குறித்தல் எளிது. அது தளரத் தொடங்கிய காலத்தைக் குறித்தல் அரிது. மேலை உரோமப் பேரரசு கி.பி. 476இல் வீழ்ந்தது என்று வரலாற்று நூல்கள் கூறும். சிவகங்கைச் சீமை 1801ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் காளையார்கோயிலில் வீழ்ந்தது என்று நம் நாட்டார் கூறுவர். இவ்விரண்டு கூற்றுகளும் பிழையுடையன அல்ல. ஆயினும் இவை ஒரு நிகழ்ச்சியின் முடிவை மட்டுமே காட்டுகின்றன. அம்முடிவு எவ்வாறு நேர்ந்தது என்பதைக் காட்டவில்லை.

உரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குக் காரணம் தேடியவர் பலர். 1776ஆம் ஆண்டு தம் பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்ட கிப்பன் உள்ளிருந்த நலிவினை விரித்துரைத்தார். 1964இல் பிற்கால உரோமப் பேரரசைப் பற்றி எழுதிய ஏ. எச். எம். ஜோன்ஸ், அதே நலிவுகளைக் கொண்ட கீழைப் பேரரசு நிலைத்து நின்றதை எடுத்துக்காட்டி, மேலைப் பகுதி தாங்க நேர்ந்த புறப்பகையை வலியுறுத்தினார். சிவகங்கை வரலாற்றிலும் இத்தகைய இரு கருத்துகள் உள. அயலாரின் படைவலியே காரணம் என்பார் ஒரு சாரார். உள்நாட்டுப் பூசலும் காட்டிக்கொடுத்தலுமே காரணம் என்பார் மற்றொரு சாரார். அரசு என்பது எவ்வெவ் உறுப்புகளால் ஆயது, அவற்றுள் எது எப்பொழுது எவர் கைக்குச் சென்றது என வரிசைப்படுத்திக் காண்போமாயின், இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பது புலனாகும். அவ்வரிசையை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வு முறை

அரசின் உறுப்புகள் இவை என்பதற்கு நாம் மேலை நாட்டு நூல்களைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. திருவள்ளுவர் பொருட்பாலில் அமைச்சு, நாடும் குடியும், அரண், பொருள், படை, நட்பு என அரசின் அங்கங்களைத் தனித்தனியே வகுத்து ஆராய்ந்துள்ளார். இவ்வங்கங்களுள் ஒன்று பிறர் கைப்படின் அரசன் அரசனாகவே தோன்றுவான். ஆனால் அவ்வங்கத்தால் இயலும் செயல் அவனுக்கு இயலாது போகும். எல்லா அங்கங்களும் கைமாறிய பின்னர் எஞ்சுவது பெயர் ஒன்றே.

இந்நிலையை உரோம நாணயங்கள் நன்கு விளக்கும். புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காகுறிச்சியில் 1898இல் கிடைத்த உரோமப் பொற்காசுகள் 501. அவை அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலான பேரரசர் காலத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசனின் தலையுருவம் உளியால் வெட்டப்பட்டுள்ளது. உருவம் சிதைந்தும் பொன் பொன்னாகவே நின்றது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் காலியனஸ் காலத்து வெள்ளிக்காசின் நிலையோ இதற்கு மறுதலை. பேரரசன் உருவமும் பட்டப்பெயரும் சிதையாமல் இருந்தன. வெள்ளியோ நூற்றில் ஐந்து பங்கும் இல்லை. பெயர் நிற்க உட்பொருள் குன்றுதல் என்னும் இதனையே நாம் ஈண்டுத் தளர்ச்சி என்கின்றோம்.

3. நட்பு

சிவகங்கை அரசின் பிறப்பே ஒரு வாரிசுப் பூசலின் விளைவாகும். சேதுநாட்டில் விசய ரகுநாத சேதுபதிக்குப் பின் எழுந்த உரிமைப் போரில் பவானி சங்கரர் தஞ்சை மராத்திய மன்னரின் துணையால் அரியணை ஏறினார். அவர் தம் வாக்கைக் காவாமையால், அதே தஞ்சை அரசு கட்டயத் தேவருக்கும், நாலுகோட்டைப் பாளையத்துச் சசிவர்ணத் தேவருக்கும் துணைநின்று அவரை வீழ்த்தியது. 1730ஐ ஒட்டிச் சேதுநாடு ஐந்து கூறாகப் பகுக்கப்பெற்றது. மூன்று கூறு கட்டயத் தேவர்பால் நின்றது; இரண்டு கூறு சசிவர்ணத் தேவர்க்கு உரியதாகிச் சிவகங்கைச் சீமை எனப் பெயர் பெற்றது. துணைசெய்த தஞ்சை அரசு பாம்பாற்றுக்கு வடக்கிலுள்ள நிலத்தைத் தனதாக்கிக் கொண்டது.

இதில் ஒன்று கருதத்தக்கது. உரிமை வழக்கைத் தீர்த்தவர் நாட்டார் அல்லர். குலப் பெரியோரும் அல்லர். அயலரசின் படையே தீர்த்தது. அத்துணைக்கு விலையாக நிலம் கொடுக்கப்பட்டது. இம்முறை ஒருமுறை வழக்கில் வந்தபின், அரசுரிமை கோருவார் எவரும் வெளியே துணை தேடுதல் இயல்பாயிற்று.

உரோமப் பேரரசிலும் அரசுரிமைக்கு உறுதியான முறை அமையவில்லை. கி.பி. 193இல் காவற்படையினர் பெர்டினாக்ஸ் என்னும் பேரரசரைக் கொன்று, அரியணையை ஏலமிட்டு டிடியஸ் ஜூலியானஸ் என்பவருக்கு அளித்தனர். அவர் ஆட்சி 66 நாள்களே நின்றது. 235 முதல் 284 வரையுள்ள ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் பேரரசராக ஏற்கப்பெற்றனர். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோரை ஆக்கியது உரோமப் படையே. தளர்ச்சி முற்றிய ஐந்தாம் நூற்றாண்டிலேதான், ரிசிமர் போன்ற அயற்குலத் தளபதியர் பேரரசரை ஏற்றவும் இறக்கவும் தலைப்பட்டனர். உரோமில் இறுதியில் நேர்ந்தது சிவகங்கையில் தொடக்கத்திலேயே நேர்ந்தது எனலாம்.

4. பொருள்

சசிவர்ணத் தேவர் 1750இல் மறைந்த பின் அவர் மகன் முத்துவடுகநாதத் தேவர் ஆட்சிக்கு வந்தார். அக்காலத்தில் ஆற்காட்டு நவாபு முகமது அலி தென்னாட்டுப் பாளையங்கள் யாவும் தமக்குத் திறை செலுத்தக் கடமைப்பட்டவை என உரிமை கொண்டாடினார். அவ்வுரிமையை நிலைநாட்டத் தக்க படை அவரிடம் இல்லை. அப்படையை ஆங்கிலக் கும்பெனியிடமிருந்து பெற்றார்; பெற்ற படைக்குச் செலவு கொடுக்கக் கடன் வாங்கினார்; அக்கடனைச் சென்னையிலிருந்த கும்பெனி ஊழியரிடமே வாங்கினார்; அதற்கு ஈடாக நாட்டு வருவாயை எழுதிக் கொடுத்தார். கடனை அடைக்கத் திறை வேண்டும். திறைக்குப் படை வேண்டும். படைக்கு மீண்டும் கடன் வேண்டும். இச்சுழற்சியே தென்னாட்டுப் பாளையங்களை நசுக்கிய பொறியாகும். பால் பென்ஃபீல்டு முதலிய கடன்காரர்களின் கொள்ளையை எட்மண்ட் பர்க் 1785ஆம் ஆண்டு ஆங்கிலப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்துக் கண்டித்தார். அதனால் கடன் குறைந்திலது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது உரோமக் குடியரசின் வரிக்குத்தகை முறை. கி.மு. 123இல் கையஸ் கிராக்கஸ் கொண்டுவந்த சட்டத்தால் ஆசிய மாநிலத்தின் வரி உரோம நகரிலேயே ஏலத்தில் விடப்பெற்றது. ஏலம் எடுத்த வணிகக் கூட்டத்தார் அரசுக்குத் தொகையைக் கட்டிவிட்டு, அதற்கு மேற்பட்டதைக் குடிகளிடம் கறந்தனர். கி.மு. 88இல் மித்திரிடேட்டஸ் மன்னன் ஏவியபோது ஆசிய நகரத்தார் தம்மிடையே வாழ்ந்த இத்தாலியரைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றமைக்கு இவ்வெறுப்பும் ஒரு காரணம் ஆகும். வரி வாங்கும் உரிமை ஆளும் பொறுப்பினின்று பிரிந்து ஊதியம் கருதுவார் கைக்குச் சென்றால், குடிகள் அரசைக் காண்பதில்லை, கடன்காரனையே காண்பர்.

சிவகங்கையைப் பொறுத்தவரை பொருள் என்னும் உறுப்பு கைமாறியதன் முதற்பயன் 1772இல் வெளிப்பட்டது. திறைப்பாக்கியைக் காரணம் காட்டி நவாபின் படையும் கும்பெனிப் படையும் முதலில் இராமநாதபுரத்தைக் கைப்பற்றின. பின்னர் ஜோசப் ஸ்மித், பான்ஜோர் என்னும் தளபதியர் இருபுறமிருந்தும் காளையார்கோயிலை நெருங்கினர். 1772 ஜூன் 25இல் முத்துவடுகநாதர் போரில் மாண்டார். அரசி வேலுநாச்சியார் தம் மகள் வெள்ளச்சியுடனும் பிரதானி தாண்டவராய பிள்ளையுடனும் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சிக்குச் சென்றார். சிவகங்கை நவாபின் நேராட்சிக்கு உட்பட்டு, உசேன் நகர் எனப் புதுப்பெயரும் பெற்றது.

5. படையும் அமைச்சும்

வேலுநாச்சியார் 1780இல் ஐதர் அலியின் துணைகொண்டு சிவகங்கையை மீட்டமை நம் நாட்டு வரலாற்றில் பெருமைக்குரிய நிகழ்ச்சியாகும். கணவனை இழந்து எட்டாண்டுகள் அயல்நாட்டில் தங்கி, படை திரட்டி, இழந்த நாட்டை மீட்ட அரசியர் உலக வரலாற்றிலும் மிகச் சிலரே. அப்பெருமையை ஒரு சிறிதும் குறைக்காமலே நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. மீண்டது எத்தகைய அரசு?

மீண்ட அரசு நவாபுக்குத் திறை செலுத்தும் கடமையை ஒழிக்க இயலவில்லை. படைத்தலைமை பெரிய மருதுவிடமும், பிரதானிப் பொறுப்பு சின்ன மருதுவிடமும் இருந்தன. நாட்டை மீட்டதில் இவர்கள் பங்கு பெரிது. இவர்களுடைய ஆற்றலும் குடிகளின் அன்பும் ஐயத்திற்கு இடமில்லாதன. ஆயினும் அரியணை ஒருவரிடமும் ஆளும் ஆற்றல் மற்றொருவரிடமும் இருந்தமையால் அரண்மனை இருதரப்பாயிற்று. 1789இல் ஸ்டூவர்ட்டு என்னும் தளபதியின்கீழ்க் கும்பெனிப் படை மருதிருவர்மீது ஏவப்பட்டது. சிவகங்கையின் உள்வழக்கு மீண்டும் வெளியார் படையால் அளக்கப்பெற்றது. அதன்பின் வெள்ளச்சியின் கணவர் வேங்கன் பெரிய உடையத் தேவர் அரசராக விளங்கினார். நாட்டை நடத்தியவர் மருதிருவரே. வேலுநாச்சியார் 1796இல் மறைந்தார்.

அமைச்சும் படையும் ஒருங்கே அரசனை விட்டு நீங்குதல் உரோமத்திலும் நேர்ந்ததே. டைபீரியஸ் பேரரசர் காப்ரித் தீவில் தங்கியிருந்த காலத்தில் காவற்படைத் தலைவன் செஜானஸ் நகரை ஆண்டான், கி.பி. 31இல் அவன் கொல்லப்பட்டான். ஆனால் அவன் வகித்த பதவி பேரரசரை ஆக்கும் பதவியாகவே பின்னாளில் வளர்ந்தது. ஈண்டு ஒரு வேற்றுமையையும் கூறுதல் கடமை. செஜானஸ் தன் நலம் கருதியவன். மருதிருவரோ நாட்டின் நலனைத் தம் உயிரினும் மேலாகக் கருதினர் என்பதை 1801 காட்டும். ஆகவே இத்தளர்ச்சியை ஆட்களின் குணத்தால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. அமைப்பு பிளவுபட்டபின் நல்லோர் கையிலும் அது பிளவாகவே நின்றது; பகைவர்க்கு அப்பிளவே வாயில் ஆயிற்று.

இதனிடையே திறை வாங்கும் உரிமை முழுமையாகக் கைமாறியது. 1781இல் கருநாடக வருவாய் கும்பெனிக்கு ஒப்படைக்கப்பெற்று 1785இல் நவாபுக்கு மீண்டது. 1790இல் மைசூர்ப் போரைக் காரணமாகக் காட்டிக் கும்பெனி மீண்டும் அதனை மேற்கொண்டது. 1792 உடன்படிக்கையின்படி, தென்பாளையங்களின் திறையை நவாபின் பெயரால் கும்பெனியே தண்டும் உரிமை பெற்றது. பெயர் நவாபுடையது, கை கும்பெனியுடையது. 1795இல் இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பெனி பதவியினின்று இறக்கியபோது, திறை வாங்குபவரே அரசனை நீக்கவும் வல்லவர் என்பது சிவகங்கைக்குத் தெளிவாயிற்று.

6. அரண்

மேற்கூறிய வரிசையை நினைவிற்கொண்டு நோக்கினால், 1801ஆம் ஆண்டின் போர் ஓர் அரசின் வீழ்ச்சிக்குக் காரணம் அன்று என்பதும், வீழ்ந்துகொண்டிருந்த அரசைத் தடுத்து நிறுத்த எழுந்த இறுதி முயற்சி என்பதும் விளங்கும். 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பெற்றார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தபின் சிவகங்கையில் அடைக்கலம் புகுந்தார். கும்பெனியுடன் போர் மூண்டது.

1801 ஜூன் திங்களில் சின்ன மருதுவின் பெயரால் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பெற்ற அறிக்கை ஈண்டுத் தனியே ஆராயத்தக்கது. அது வெறும் போர் அழைப்பு அன்று. தளர்ச்சியின் காரணத்தை ஆராய்ந்த ஆவணமும் ஆகும். நவாபு அறியாமையால் ஐரோப்பியர்க்கு இடம் கொடுத்ததையும், அவர்கள் நம்பிக்கையைக் கெடுத்து நாட்டைத் தமதாக்கிக் கொண்டதையும் அது கூறுகின்றது. அதோடு நில்லாது, பல குலத்தாரும் தம்முள் ஒற்றுமையும் நட்பும் இன்றி ஒருவரையொருவர் பழித்து நாட்டைப் பிறரிடம் ஒப்படைத்ததையும், அதனால் குடிகள் வறுமையுற்றதையும் எடுத்துரைக்கின்றது. எல்லாக் குலத்தாரையும் நோக்கி எழுதப்பட்ட அவ்வறிக்கை, நட்பு, பொருள், குடி என்னும் மூன்று உறுப்புகளின் அழிவை உணர்ந்தே எழுதப்பட்டதாகும். இப்போரைத் தென்னிந்தியக் கிளர்ச்சியாக விரித்து ஆராய்ந்த கே. இராஜய்யனின் நூல் 1971இல் வெளிவந்தது. அதன் பின்னர் இவ்வறிக்கையின் சிறப்பு அறிஞர் பலராலும் உணரப்பெற்றது.

கும்பெனியும் சிவகங்கையின் பிளவை நன்கு அறிந்திருந்தது. தளபதி அக்னியூ, மருதிருவர் அரசுரிமையற்ற ஊழியர் என்று பறைசாற்றி, படமாத்தூர்க் கௌரி வல்லப உடையத் தேவரை உரிமையாளராக ஏற்று, செப்டம்பரில் சோழபுரத்தில் பட்டம் சூட்டினார். குடிகளுள் ஒரு பகுதியினர் இதனால் போரினின்று விலகினர். அக்டோபர் 1இல் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24இல் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பெற்றனர். வேங்கன் பெரிய உடையத் தேவர் உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டோர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பெற்றனர்.

காட்டரணும் கோட்டையுமே இறுதியில் இழந்த உறுப்பு. கோட்டை வீழ்ந்ததால் அரசு வீழ்ந்தது என்பதைக் காட்டிலும், பிற உறுப்புகள் கைமாறியமையால் கோட்டை காக்க இயலாததாயிற்று என்பதே பொருந்தும். உரோம வரலாறும் இதற்குச் சான்று பகரும். 439இல் கார்த்தேஜ் நகரை வாண்டலர் கைப்பற்றியபோது மேலைப் பேரரசு தன் செழிப்பான வரிநிலத்தை இழந்தது. சில ஆண்டுகளுக்குள் படைக்குப் போதிய பொருள் இல்லை எனப் பேரரசர் மூன்றாம் வாலண்டினியன் தம் ஆணையிலேயே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பொருள் போனபின் படை நில்லாது. படை போனபின் மதில் நில்லாது.

7. எஞ்சிய பெயர்

476இல் ஓடோவாக்கர் இளம் பேரரசர் ரோமுலஸ் அகஸ்டுலஸை நீக்கியபோது அவரைக் கொல்லவில்லை. பேரரசின் சின்னங்கள் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த சீனோவுக்கு அனுப்பப்பட்டன. முதியோர் அவையாகிய செனட்டு உரோமில் தொடர்ந்து கூடியது. வடிவங்கள் நிலவின, ஆட்சி இல்லை.

சிவகங்கையிலும் அரண்மனை இருந்தது; அரசர் என்னும் பெயரும் இருந்தது. 1801 ஜூலை 31இல் நவாபு அசீமுத்தௌலாவுடன் செய்த உடன்படிக்கையால் கருநாடக ஆட்சி முழுவதும் கும்பெனியிடம் சேர்ந்தது. 1803இல் சிவகங்கை நிலையான வரித்திட்டத்தின்கீழ் இஸ்திமிரார் ஜமீனாக ஆக்கப்பெற்றது. அரசர் நிலவரி தண்டிக் குறித்த தொகையைச் செலுத்தும் ஜமீன்தார் ஆனார். படை வைத்தல், தண்டம் விதித்தல், உறவும் பகையும் கொள்ளுதல் ஆகிய உரிமைகள் அவர்க்கு இல்லை.

இம்மாற்றத்தின் முழுப்பொருளை வெளிப்படுத்தியது ஒரு வழக்கு. கௌரி வல்லபர் 1829இல் மறைந்தபின் எழுந்த வாரிசு வழக்குகள் முப்பத்து நான்கு ஆண்டுகள் நீடித்தன. இறுதியில் 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சில், கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியார்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின்படி, பழைய மரபு 1801இல் அற்றுப்போனது. சீமை வாரிசற்ற உடைமையாகக் கும்பெனியைச் சார்ந்தது. கௌரி வல்லபர் பெற்றது புதிய கொடை. ஆகவே அது அவர் தாமே ஈட்டிய சொத்து. சசிவர்ணர் போரிட்டுப் பெற்ற சீமை, இந்துச் சட்டத்தில் தாயபாகம் பற்றிய ஒரு முன்தீர்ப்பாக இன்றும் சட்ட நூல்களில் எடுத்தாளப்பெறுகின்றது. 1730இல் அரசுரிமையை அயலார் வாள் தீர்த்தது. 1863இல் அயலார் வழக்குமன்றம் தீர்த்தது. 1948ஆம் ஆண்டுச் சென்னை ஜமீன் ஒழிப்புச் சட்டம் எஞ்சியிருந்த அப்பெயரின் நிலவுரிமையையும் நீக்கியது.

8. குடி

அரசியல் தளர்ச்சி அரண்மனையோடு நிற்பதில்லை. உரோமத்தில் நகர மன்றத்தார் வரிக்குத் தம் சொத்தையே பிணையாக்க வேண்டியவராயினர், கி.பி. 332ஆம் ஆண்டுக் கான்ஸ்டண்டைன் சட்டத்தால் உழுகுடிகள் நிலத்தோடு பிணிக்கப்பட்டனர். முன்னர் உரிமையாக இருந்த பொறுப்பு பின்னர்த் தளையாயிற்று.

சிவகங்கைச் சீமையில் காவல் என்பது மறக்குடியினரின் உரிமையும் வாழ்வும் ஆகும். 1801 டிசம்பர் 1இல் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிவிப்பு பாளையங்களின் படைக்கலங்களைப் பறித்தது; கோட்டைகள் இடிக்கப்பெற்றன. காவல் உரிமை நீங்கியபின் காவற்குடிகள் தொழிலற்றனர். நூறாண்டுகள் கழிந்து, 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் அவர்களுள் பலர் பிறப்பாலேயே குற்றவாளிகளாக எண்ணப்பெற்றனர். அச்சட்டம் 1947இல்தான் சென்னை மாகாணத்தில் நீக்கப்பெற்றது. நேற்றுக் காவலர், இன்று கண்காணிக்கப்படுவோர் என்னும் இம்மாற்றமே இத்தளர்ச்சியின் கொடிய விளைவு என நாம் கருதுகின்றோம்.

இதே சீமையில் காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களில் வாழ்ந்த நகரத்தார் வேறு வழி கண்டனர். இலங்கை, மலாயா நாடுகளிலும், 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மாவிலும் அவர்கள் வட்டித் தொழிலைப் பெருக்கினர். அரசர் செய்துவந்த கோயில் திருப்பணியும், குளம் அகழ்தலும், கல்வி வளர்த்தலும் இவர்கள் கைக்கு வந்தன. மருதிருவர் பெருங்கோபுரம் எடுத்த காளையார்கோயிலில் பின்னாளில் திருப்பணி செய்தவர் தேவகோட்டை நகரத்தாரே. மேலை உரோமில் ஆட்சி தளர்ந்தபின் நகரங்களின் அறப்பணிகளை ஆயர்கள் மேற்கொண்டதை இதனோடு ஒப்பிடலாம். குடி முற்றும் அழியவில்லை. அரசு கைவிட்ட பணிகளைத் தானே ஏற்றது.

9. முடிவுரை

உரோமம் பல நூற்றாண்டுகளில் அடைந்த நிலையைச் சிவகங்கை எழுபது ஆண்டுகளில் அடைந்தது. அளவிலும் காலத்திலும் இவை ஒவ்வா. ஆயினும் நிகழ்ச்சியின் முறை ஒன்றே. முதலில் நட்பு விலைப்பொருளாயிற்று; அடுத்துப் பொருள் கடன்காரர் கைப்பட்டது; பின்னர் அமைச்சும் படையும் அரியணையினின்று பிரிந்தன; இறுதியில் அரண் வீழ்ந்தது; பெயர் மட்டும் நெடுநாள் நின்றது.

இவ்வரிசை ஏற்கப்படுமாயின், காட்டிக்கொடுத்தோர் சிலரால் சிவகங்கை வீழ்ந்தது என்னும் எளிய விளக்கம் போதாது என்பது தெளிவு. காட்டிக்கொடுத்தல் பயன்பட்டது, ஏனெனில் அதனை வாங்குவோர் நாட்டின் வருவாயை முன்னரே கைக்கொண்டிருந்தனர். படைவலியால் மட்டும் வீழ்ந்தது என்பதும் போதாது. அப்படைக்குக் கூலியே பாளையங்களின் திறையிலிருந்து கொடுக்கப்பெற்றது. தென்பாளையங்களின் வரலாற்றை இனி ஆராய்வோர், போர்க்களக் குறிப்புகளோடு திறைக் கணக்குகளையும் கடன் பத்திரங்களையும் வாரிசு வழக்குகளையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். மருதிருவரின் அறிக்கை 1801இலேயே அவ்வழியைக் காட்டியுள்ளது.